ராக்கெட் விட்ட அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?

திருவொற்றியூர் மாடிக்காரன்:
2022 தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி. ஒன்வெப் நிறுவனத்தோட 36 செயற்கைக்கோள்களை ஏத்திக்கிட்டு, ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து 12.07-க்கு இஸ்ரோவோட எல்விஎம்3 ராக்கெட் கிளம்பப் போகுது. எங்க தெருவே மொட்டை மாடியில. நாலு வீட்டுப் பசங்க ஏற்கெனவே பட்டாசு ராக்கெட்டைக் கொளுத்த ஆரம்பிச்சதால, "அதோ! அதோ!"ன்னு பத்து தடவை ஏமாந்தோம். நிஜமானது கிளம்பினப்ப யாருக்கும் சந்தேகமே வரல. வடக்கே அடிவானத்துல நடுராத்திரியில விடிஞ்ச மாதிரி ஒரு ஆரஞ்சு வெளிச்சம். மெதுவா மேலேறி, கடல் பக்கமா சாஞ்சு, புள்ளியாகி மறைஞ்சுது. ஒரே விசில், கைதட்டல். பாதிப் பேர் கீழ இறங்கின பிறகு, மூணு நிமிஷம் கழிச்சுத்தான் மெல்லிசா ஒரு உறுமல் கேட்டுச்சு. அறுபது கிலோமீட்டர் தாண்டி வரணுமே.

எதிர்வீட்டு ஆயா மட்டும் மாடியை விட்டு இறங்கல. "திரும்ப நம்ம தலையில விழாதாப்பா?" 1979-ல அமெரிக்காவோட ஸ்கைலேப் விண்வெளி நிலையம் விழப்போகுதுன்னு ஊரே பயந்ததைப் பார்த்தவங்க. "அது ஆஸ்திரேலியாவுலதான் விழுந்துச்சு ஆயா"ன்னேன். "ஏன், அங்க ஆளுங்க இல்லையா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல. உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

பழவேற்காடு:
உங்களுக்குத் திருவிழா, எங்களுக்கு லீவு. ராக்கெட் விடுற அன்னைக்குக் கடலுக்குப் போகக் கூடாதுன்னு தகவல் வந்துடும். படகெல்லாம் முகத்துவாரத்துக்கு உள்ளேயே கிடக்கும். கிளம்பி ஒண்ணரை நிமிஷத்துல சத்தம் வந்து சேரும். ஜன்னல் கண்ணாடி, அலமாரியில இருக்கிற எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கிணுகிணுன்னு ஆடும். சின்னதுல அதைக் கேக்கறதுக்குன்னே டம்ளருங்களை ஒட்டி ஒட்டி அடுக்கி வைப்பேன். பெருமையாத்தான் இருக்கும், பொய் சொல்லல. ஆனா கடைசி நிமிஷத்துல தள்ளி வச்சுட்டாங்கன்னா மறுபடி ஒரு நாள் தொழில் போகும். எங்க அப்பா அப்ப திட்டுற திட்டை இங்க எழுத முடியாது.

புதுச்சேரி:
விண்வெளிக் குப்பையை நேர்லயே பார்த்தவன் நான். 2019 டிசம்பர் ஆரம்பத்துல, எங்க ஊர் மீனவர்கள் வலையில நீளமா ஒரு உருளை மாட்டுச்சு. கரைக்கு இழுத்துக்கிட்டு வந்தாங்க. நானும் ஓடிப் போய்ப் பார்த்தேன். மேல எழுத்தும் எண்ணும் போட்டிருந்தது. சிலர் குண்டுன்னு நினைச்சுத் தள்ளி நின்னாங்க, மத்தவங்க அது மேலயே சாஞ்சு செல்ஃபி. போலீஸ் வந்து கயிறு கட்டினாங்க. கடைசியில பார்த்தா பிஎஸ்எல்வி ராக்கெட்டோட பக்கவாட்டு மோட்டார், கிளம்பும்போது கூடுதலா உந்தித் தள்ள ஒட்டி வச்சிருப்பாங்களே, அது. அதுக்கு முந்தின வாரம்தான், நவம்பர் 27-ஆம் தேதி, பிஎஸ்எல்வியில கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள் போயிருந்தது.

சென்னை தொலைநோக்கி:
சின்ன திருத்தம். புதுச்சேரி நண்பர் பார்த்தது விண்வெளிக் குப்பை இல்லை. அந்த மோட்டார்கள் கிளம்பி ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள்ள எரிஞ்சு முடிஞ்சு கழன்றுடும். கடல்ல விழணும்னே கணக்குப் போட்டு வச்சது. அதுக்காகத்தான் பழவேற்காட்டுக்காரங்களை அன்னைக்கு நிறுத்துறாங்க. பூமியைச் சுத்திக்கிட்டே இருக்கிறதுதான் குப்பை. 2001 டிசம்பர்ல, ஏவி ரெண்டு மாசமாகியிருந்த பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டோட கடைசிக் கட்டம், அதாவது உச்சியில இருக்கிற அடுக்கு, மேலேயே வெடிச்சு முன்னூறுக்கு மேல துண்டாச்சு. கைதட்டின யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

ஆயா கேட்டதுக்கும் ஒரு பதில் இருக்கு. 2023 ஜூலையில மேற்கு ஆஸ்திரேலியாவுல, கிரீன் ஹெட் பக்கத்துக் கடற்கரையில ஆளுயரத்துக்கு மேல ஒரு உருளை ஒதுங்கிச்சு. காணாமப் போன மலேசிய விமானத்தோடதுன்னுகூட முதல்ல வதந்தி கிளம்புச்சு. கடைசியில அது நம்ம பிஎஸ்எல்வியோட மூணாவது கட்டம்னு அந்த நாட்டு விண்வெளி அமைப்பே சொன்னது. அங்கேயும் ஆளுங்க இருக்காங்க ஆயா.

இப்ப கொஞ்சம் மாறுது, அதையும் சொல்லணும். 2024 ஜனவரி 1 அன்னைக்கு எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டர் உயரத்துல விட்ட பிறகு, அந்த ராக்கெட்டோட கடைசிக் கட்டத்தை 350-க்கு இறக்கினாங்க. அதுல கொஞ்ச நாள் ஆய்வும் நடத்தி, மார்ச் 21-ல காற்றுமண்டலத்துக்குள்ள வர வச்சுட்டாங்க. மேல எதுவும் மிச்சமில்லை. இதுக்கு எவனும் விசில் அடிக்கல, மாடியில நான் ஒருத்தன்தான் அடிச்சேன்.

நாக்பூர் தமிழன்:
2022 ஏப்ரல் 2, யுகாதி அன்னைக்குச் சாயங்காலம். வானத்துல நெருப்புக் கோடு ஒண்ணு துண்டு துண்டா உடைஞ்சு ஊர்ந்து போச்சு. எரிகல்னா சட்டுனு அணைஞ்சுடும், இது அவசரமே இல்லாம போச்சு. விமானம்தான் பத்திக்கிச்சுன்னு என் மனைவி அழவே ஆரம்பிச்சுட்டா. மறுநாள் பார்த்தா, சந்திரபூர் மாவட்டம் சிந்தேவாகி பக்கம் வயல்காட்டுல பெரிய உலோக வளையம் கிடக்குதுன்னு செய்தி. சீன ராக்கெட்டோட மிச்சம்னு ஆய்வாளர்கள் சொன்னாங்க. அதுக்கப்புறம் வானத்துல எது மின்னினாலும் இவ என் கையைப் புடிச்சுக்குவா.

பழவேற்காடு:
தொலைநோக்கி சார், விளக்கம் சரி. ஆனா குப்பையோ குப்பை இல்லையோ, அந்தச் சைஸ்ல ஒண்ணு வலையில மாட்டினா வலை போச்சு. புதுச்சேரிக்காரங்க வலை என்னாச்சு? யாராவது காசு குடுத்தாங்களா? எங்க அப்பா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, முதல்ல கேட்டது இதான்.

புதுச்சேரி:
செல்ஃபி எடுத்துட்டு வந்துட்டேன், வலையைப் பத்திக் கேக்கவே தோணல. நாளைக்குக் காலையில ஏலத்துக்கு மீன் வாங்கப் போவேன், விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்.

திருவொற்றியூர் மாடிக்காரன்:
சொல்லுங்க, ஆயாவும் கேக்கறாங்க. அடுத்த தடவை எங்க மாடிக்கு வர்றவங்க ஒரு விஷயம் கவனிங்க. வடக்குப் பக்கம் புதுசா நாலு மாடி அபார்ட்மென்ட் எழும்பிடுச்சு, இனி தண்ணித் தொட்டி மேல ஏறினாத்தான் தெரியும். ஏணி நான் கொண்டு வர்றேன்.