30 பேர், ஒரே ஓவன்: அவரவர் கையால் செய்யும் பீட்சா விருந்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் நடக்கவிருக்கும் ஒன்றுகூடலுக்கு ஏறத்தாழ 30 பேர் வருகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் குழந்தைகள். ஒவ்வொருவரும் தம் கையாலேயே மாவைத் தட்டி, பிடித்ததைத் தூவி, தமக்கான பீட்சாவைச் செய்து சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் இரண்டு ட்ரே கொள்ளும் சாதாரண மின்சார ஓவன் ஒன்றுதான் உள்ளது. மாவு எவ்வளவு பிசைய வேண்டும், எப்போது பிசைய வேண்டும், ஒருவரும் பசியோடு நெடுநேரம் காத்திருக்காமல் எப்படி நடத்துவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். விருந்தினரில் ஒருவர் கோதுமை உணவைத் தவிர்ப்பவர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பதில் 1

நீங்கள் மாவைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இத்தகைய விருந்தின் போக்கைத் தீர்மானிப்பது ஓவன்தான். ஆளுக்கு ஒரு 30 செ.மீ. பீட்சா என்று வைத்துக்கொண்டால் ஒரு ட்ரேயில் ஒன்றுதான் வைக்க முடியும், கடைசி ஆள் சாப்பிடும்போது முதல் ஆளுக்கு மறுபடியும் பசி எடுத்துவிடும். ஆகவே அளவை 20 செ.மீ. ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். ட்ரேக்கு இரண்டு வீதம் ஒரே நேரத்தில் நான்கு பீட்சா வேகும். வேகும் நேரமும், கதவைத் திறந்து மாற்றும் நேரமும் சேர்த்து ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம் என்று கணக்கிட்டால், 30 பேருக்கு எட்டுச் சுற்று, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். பாதி வெந்ததும் மேல் ட்ரேயையும் கீழ் ட்ரேயையும் இடம் மாற்றுவது அவசியம். இல்லாவிட்டால் ஒன்று கருகும், மற்றொன்று வெளுத்தே இருக்கும்.

அடுத்தது, எது யாருடையது என்ற குழப்பம். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. பேக்கிங் காகிதத்தை முன்கூட்டியே சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். மாவைக் காகிதத்தின் மேலேயே தட்டி, அதோடு ட்ரேக்கு மாற்றலாம். மேசையில் ஒட்டிக்கொண்டு கிழியும் தொல்லையும் இல்லை. காகிதம் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பது அதன் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல வகைகள் 220 டிகிரி செல்சியஸ் வரையில்தான் தாங்கும் என்பதால், ஓவனை அந்த அளவில் வைத்து 10 முதல் 12 நிமிடம் வேகவிடுவது பாதுகாப்பானது.

பதில் 2

மேலே சொன்ன 20 செ.மீ. அளவையே எடுத்துக்கொண்டு மாவுக் கணக்கைத் தருகிறேன். ஓர் உருண்டைக்கு 130 கிராம் போதும். கிழித்துவிடுபவர்களுக்கும் இன்னொன்று கேட்பவர்களுக்கும் சேர்த்து 36 உருண்டைகள் செய்யுங்கள். இதற்கு மாவு 2.8 கிலோ, தண்ணீர் 1.75 லிட்டர், உப்பு 70 கிராம், எண்ணெய் 60 மி.லி., உலர்ந்த இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 8 கிராம் தேவைப்படும். ஈஸ்ட் இவ்வளவு குறைவா என்று தோன்றலாம். முந்தைய நாளே பிசைந்து குளிர்பெட்டியில் 24 மணி நேரம் வைப்பதால் இதுவே போதும். மெதுவாகப் புளிக்கும் மாவுக்குச் சுவையும் கூடும், நீட்டுவதற்கும் இணங்கி வரும். விருந்துக்கு மூன்று மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, உருட்டி, எண்ணெய் தடவிய ட்ரேக்களில் இடைவெளி விட்டு மூடி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட வேண்டாம். கடைசிச் சுற்றுக்கான மாவு அறை வெப்பத்தில் அளவுக்கு மீறி இளகிவிடும் என்பதால், பாதியை ஒரு மணி நேரம் தாமதித்து எடுப்பது நல்லது.

ஒரு பீட்சாவுக்கு சாஸ் 30 கிராம், சீஸ் 60 கிராம். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கரண்டியைக் கையில் கொடுத்தால் எல்லோரும் அள்ளித்தான் போடுவார்கள், நடுப்பகுதி வேகாமல் நசநசவென்று நின்றுவிடும். ஈரம் குறைந்த மொசரெல்லா சீஸை வாங்குங்கள். காளானையும் கீரையையும் முன்பே வதக்கி நீரை வடித்துவிடுங்கள். இறைச்சி சேர்ப்பதானால் முழுவதும் சமைத்ததாகவே இருக்க வேண்டும்.

பதில் 3

அடித்தட்டை முந்தைய நாளே அரைவேக்காடாகச் சுட்டு வைத்துவிட்டால் ஓவன் நேரம் பாதியாகக் குறையும் என்று இங்கே யாரேனும் சொல்லக்கூடும். கணக்கு சரிதான் என்றாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. மாவு விரல்களுக்கு நடுவே விரிவதை உணர்வதற்காகத்தான் குழந்தைகள் வருகிறார்கள். வெந்த தட்டின் மேல் சீஸ் தூவுவதைச் செய்முறை விருந்து என்று சொல்ல மனம் வரவில்லை.

அதற்குப் பதிலாக ஆட்களைப் பிரித்துவிடுங்கள். 30 பேரையும் ஒரே நேரத்தில் மேசைக்கு அழைக்காமல், கால் மணி நேரத்துக்கு நால்வர் என்று அழைத்தால், ஒரு நால்வர் மாவைத் தட்டும்போது முந்தைய நால்வரின் பீட்சா வெந்துகொண்டிருக்கும். மேசைக்கு வந்தவர் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடலாம். சிறு குழந்தைகளை முதல் சுற்றுகளில் சேருங்கள். தம் முறைக்குக் காத்திருப்பவர்களுக்கு நீங்களே சுட்ட இரண்டு பெரிய பீட்சாக்களைத் துண்டு போட்டு வைத்தால் பசியும் தணியும், வெந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதும் கண்ணுக்குத் தெரியும். உருட்டுக்கட்டையைக் கொடுக்க வேண்டாம். அது மாவில் உள்ள காற்றையெல்லாம் வெளியேற்றிவிடும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரல் நுனியால் அழுத்தச் சொல்லிக்கொடுங்கள். மாவு சுருங்கிச் சுருங்கி வந்தால் பத்து நிமிடம் அப்படியே விட்டால் தானாகவே இளகிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சுற்று முறையையே பின்பற்றப் போகிறேன். கோதுமை தவிர்ப்பவருக்கு அதே மேசையின் ஓர் ஓரத்தில் இடம் ஒதுக்கினால் போதுமா?

பதில் 4

அவருக்கு இருப்பது சீலியாக் நோயா (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்), அல்லது விருப்பத்தின் பேரில் தவிர்க்கிறாரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சீலியாக் என்றால் மேசையின் ஓரம் போதாது. காற்றில் பறக்கும் மாவுத்தூளும், மாவு படிந்த கை பட்ட சீஸ் கிண்ணமும் கூட அவருக்குத் தீங்கு செய்யும். கோதுமை மாவைத் திறப்பதற்கு முன்பே, தனி ட்ரேயில், தனிக் கிண்ணங்களிலிருந்து எடுத்து, அவருடைய பீட்சாவை அவரே செய்யும்படி ஏற்பாடு செய்து, முதலாவதாக ஓவனில் வைத்து எடுத்துவிடுங்கள். சைவம் மட்டும் உண்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் கரண்டிகளும் வெட்டும் கருவியும் தனியாக இருக்கட்டும். சீஸையும் சமைத்த இறைச்சியையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பதால், சிறு கிண்ணங்களில் வைத்து, தீரத் தீரக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள்.