வரவு செலவு எழுதிக் கடனைக் குறைத்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவம்

பள்ளத்தூர்க்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். ஊரில் எங்களுக்குப் பெரிய வீடு, பங்காளிகள் பதினோரு பேருக்குப் பொது. முகப்பில் பர்மா தேக்குத் தூண், என் சட்டைப் பையில் கிரெடிட் கார்டு கடன். தூணைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள், நானும் யாரிடமும் சொன்னதில்லை. காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 28,000. என் சொந்தக் கணக்கைத்தான் எழுதியதே இல்லை.

அப்பத்தா ஒருநாள் கேட்டார்கள்: "ஒங்க ஐயா வட்டிக்கடையில காசுப்பெட்டி பாக்குற பெட்டியடிப் பையனாப் பினாங்கு போனவுக. பெட்டியில இருக்க காசும் ஏட்டுக் கணக்கும் ஒத்துவராமப் படுக்க மாட்டாக. நீ எப்புடிப்பா தூங்குறே?"

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். அப்பச்சி (அப்பா) ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கார்டில் 60,000. இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு, வாங்கியது ஒரு லட்சம். நகைக்கடன் 1,20,000. பைக் பாக்கி 18,000. ரெண்டு லட்சத்துச் சொச்சம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். கூட்டினால் 2,98,000!

டீக்கும் வடைக்கும் காசு போகிறது என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் அது மாதம் 900தான். உண்மையான ஓட்டை கார்டில் இருந்தது. குறைந்தபட்சத் தொகை 3,000 கட்டி நல்ல பிள்ளையாக இருப்பதாக நினைப்பு. மாதம் 3.5 சதவீத வட்டி 2,100, அதற்கு ஜிஎஸ்டி 378. ஆக, அசலில் கழிந்தது 522 ரூபாய்! வட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்ல?

வீட்டில் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். வங்கியில் வருடம் 10 சதவீதத்துக்கு வைத்து, கார்டை முழுசாக அடைத்தேன். மாத வட்டி 500 ஆனது. மிச்சமான பணத்தை இரண்டு வட்டிக்காரருக்கு அசலாகக் கொடுத்து வருகிறேன். வளையலைக் கேட்டபோது அவள் முகம் போன போக்கு மட்டும் எந்த ஏட்டிலும் வராது.

கோட்டையூர் அக்கா:

தம்பி, நகையை வைத்ததோடு விட்டுவிடாதீர்கள், வருட முடிவுக்கும் இப்போதே எழுதி வையுங்கள். முன்பு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்போம். போன வருடம் எங்கள் வங்கியில் அசலையும் சேர்த்துக் கட்டினால்தான் மறுபடி வைக்க முடியும் என்றுவிட்டார்கள். ஒரே ஒரு நாளைக்கு வெளியில் கடன் வாங்கித் திருப்பினேன். அந்த ஒரு நாளுக்கு அவர் கேட்ட காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என்னைக் காப்பாற்றியது மொய் நோட்டு. மொய்யும் கடன்தானே? நமக்கு வந்தது யாருக்குத் திரும்பப் போக வேண்டும், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் எழுதினேன். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் குவியும்போதெல்லாம் மகளிர் குழுக் கடனுக்கு வைத்திருக்கும் தவணைப் பணத்தை எடுத்து மொய் எழுதிவிட்டு, செவ்வாய்க்கிழமை தவணைக்குப் பக்கத்து வீட்டில் போய் நிற்பேன். இப்போது மாதம் 1,500 ஒரு பழைய முறுக்கு டின்னில் போகிறது. மொய்க்கு மட்டும்தான் அந்த டின்னைத் திறப்பது. ஒருமுறை கேஸ் சிலிண்டருக்கு எடுத்தேன், பொய் சொல்வானேன்.

தேவகோட்டை சமையல்காரர்:

சம்பளக்காரர்களுக்கு இது சரி. எனக்கு ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வேலையே கிடையாது, தை பிறந்தால் மூச்சு விட நேரமிருக்காது. சராசரி வருமானத்தை வைத்துத் திட்டம் போட்டு இரண்டு முறை தோற்றேன். அப்புறம் போன வருட ஆடியில் என்ன வந்ததோ அதுதான் மாத வருமானம் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் வருவதில் முதலில் அடுத்த வறண்ட மாதத்துத் தவணை, பிறகுதான் மற்றது.

நோட்டு மூன்றாம் மாதமே நின்றுவிட்டது, அது வேறு விஷயம். இப்போது பாத்திரம் கணக்கெடுக்கும் அதே தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். கரண்டி எண்ணும்போது கடனும் கண்ணில் படுகிறது.