திருகோணமலை சுவாமி மலைக்கு அடியில டைவிங், கேமரா பத்தி உதவி வேணும்

அலைமகள்_சென்னை:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட்ல நானும் வீட்டுக்காரரும் திருகோணமலை வர்றோம். பாண்டிச்சேரில ஓப்பன் வாட்டர்ங்கிற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடிச்சிருக்கேன். கோணேஸ்வரம் கோயில் நிக்கிற மலைக்கு நேர் கீழ, கடலுக்குள்ள பழைய கோயில் தூணெல்லாம் கிடக்குன்னு கேள்விப்பட்டதுல இருந்து வேற எங்கயும் மனசு போகல. கையில ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா இருக்கு, தனி ஸ்ட்ரோப் (தண்ணிக்குள்ள போடுற தனி ஃப்ளாஷ்) கிடையாது. பாறை, மீன், தூண் எல்லாத்தையும் கலரோட எடுக்கணும்னு ஆசை, ஸ்ட்ரோப் வாங்கியே ஆகணுமா? தண்ணி எப்படி இருக்கும் அங்க?

கோணமலையான்:
வணக்கம் அக்கா, நான் இந்த ஊர் தான். ஆகஸ்ட் நல்ல காலம். கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, கரையில இருந்து கடலுக்கு வீசுறதால எங்கட பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும், வாடை, அதான் வடகிழக்குக் காத்து, தொடங்கினா பிறகு ஒரே கலங்கல். ஆனா காலமையே இறங்கிடுங்கோ. மலையிண்ட செங்குத்துப் பக்கம் கிழக்கைப் பாத்து நிக்குது, காலமை வெயில் நேரா பாறையில விழும், பின்னேரம் மலை நிழல் தான் தண்ணியில கிடக்கும், காத்தும் கூடிடும்.

1622ல போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சு கொஞ்சக் கல்லை கோட்டை கட்ட எடுத்தாங்கள், மிச்சம் கடலுக்க போச்சு. 1956ல ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இறங்கி அந்த இடிபாடுகளைப் பாத்தாங்கள். இப்ப தூணெல்லாம் பாசியும் சிப்பியும் மூடி பாறை மாதிரியே கிடக்கும், அதனால நேரா செதுக்கின விளிம்பைத் தேடுங்கோ, ஒண்டு கண்ணில பட்டா பக்கத்தில மற்றதும் தெரியத் தொடங்கும். தயவு செய்து தொடாதீங்கோ, சுரண்டிப் பாக்காதீங்கோ. எங்களுக்கு அது இப்பவும் கோயில் தான்.

நீலப்பார்வை:
ஸ்ட்ரோப் இப்ப வேணாம்ங்க, அந்தக் காசுக்கு முதல்ல கேமராவுக்கு ஹவுசிங் (தண்ணி புகாத வெளிக்கூடு) வாங்குங்க, டிஜி-6 வெறுமனே 15 மீட்டர் வரைக்கும் தான் தாங்கும், உங்க கோர்ஸுக்கு நீங்க 18 மீட்டர் வரை போகலாம்.

கலர் விஷயம் என்னன்னா தண்ணி சிவப்பைத் தான் முதல்ல குடிக்கும், அஞ்சு மீட்டர்லயே மங்கிடும். இதுல பலரும் கவனிக்காதது, மேல இருந்து வர்ற ஆழம் மட்டும் கணக்கில்ல, மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவுல இருக்கிற தண்ணியும் அதே வேலையைத் தான் செய்யும். அதனால ஜூம் பண்ணவே பண்ணாதீங்க, கைக்கெட்டுற தூரத்துக்குப் போய் எடுங்க. கேமராவோட சொந்த ஃப்ளாஷை தூணுக்குப் போடாதீங்க, லென்ஸ் பக்கத்துலயே இருக்கிறதால மிதக்குற தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியா வந்து நிக்கும். ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம சேமிக்கிற ஃபைல், பின்னாடி கலர் திருத்தலாம்) எடுங்க, ஆழம் மாற மாற ஒயிட் பேலன்ஸ், அதாவது கேமராவோட கலர் சமநிலையை, திரும்ப செட் பண்ணுங்க. தூணைக் கீழ இருந்து மேல பாத்து எடுத்தா பின்னாடி வெளிச்சமான நீலம் வரும், கல்லோட உருவம் தனியா தெரியும். மேல இருந்து கீழ பாத்து எடுத்தீங்கன்னா தூண் பாறையோட கலந்துடும், அவ்ளோ தூரம் போனதே வீண்.

கடலோடி:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா தம்பி பக்கத்துல போங்கன்னு சொல்லிட்டார், பக்கத்துல போய் மிதந்தபடி அசையாம நிக்கத் தெரியணும். அதனால முதல் டைவ்ல கேமராவைப் படகுலயே விட்டுருங்கம்மா. இடுப்புல கட்டுற ஈய வெயிட் சரியா இருக்கா, மூச்சை வச்சே ஏறி இறங்க முடியுதான்னு பாருங்க. கடலடிப் பார் இடுக்குல கடிக்கிற அஞ்சாலை மீன் இருக்கும், விஷ முள்ளுள்ள லயன் ஃபிஷ் இருக்கும், முள்ளு முள்ளா கடல்முள்ளி அப்பிக் கிடக்கும், படம் எடுக்கிற மும்முரத்துல கையை ஊனினா அவ்வளவு தான். மலை முனை திரும்புற இடத்துல நீரோட்டம் இழுக்கலாம், கைடை விட்டு விலகாதீங்க. தினமும் டைவ் பண்றதா இருந்தா கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது விடுங்க, டிக்கெட் போடும்போதே இதைப் பாத்துக்கோங்க.

அலைமகள்_சென்னை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். சார் சொன்ன மாதிரி முதல் டைவ் கேமரா இல்லாமலே. இன்னொன்னு, வீட்டுக்காரருக்கு டைவிங் தெரியாது, அவருக்குப் பாக்க ஏதாவது இருக்கா?

கோணமலையான்:
நிலாவெளியில இருந்து படகில புறாத்தீவுக்குப் போகச் சொல்லுங்கோ, 2003ல இருந்து தேசியப் பூங்கா. ஸ்நோர்க்கல் போட்டுக் குப்புற மிதந்தாலே பவளப்பாறையும் கிளிமீனும் தெரியும், கரையோரமா சின்னச் சுறாவும் வரும், துரத்தாட்டி அது தன் பாட்டில போயிடும். கிழமை நாளில போகச் சொல்லுங்கோ, சனி ஞாயிறு சரியான சனம்.