உக்ரைன் பாடகி ருஸ்லானாவை நேரில் பார்த்தவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

கீவ் டாக்டர்:
2013 டிசம்பர் 10 ராத்திரி, கீவ் நகரின் மைதான் சதுக்கம். அப்போது அங்கே எம்பிபிஎஸ் படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தோடு போடவிருந்த ஒப்பந்தத்தை அரசு நிறுத்திவைத்ததை எதிர்த்துப் போராட்டம். பெர்குத் என்ற கலவரத் தடுப்புப் போலீஸ் கேடயத்தோடு நெருக்க, ஆரஞ்சு ஹெல்மெட் போட்ட போராட்டக்காரர்கள் கைகோத்துத் தடுத்து நின்றார்கள். மிகாயில் மடாலயத்தின் மணிகள் ஓயாமல் அடிக்கின்றன. மேடையில் ருஸ்லானா. குரல் கம்மிவிட்டது, ஆனாலும் மைக்கை விடவில்லை. அடிக்க வேண்டாம் என்று போலீசிடம் கேட்பார், உடனே தேசிய கீதத்தை எடுப்பார், கூட்டம் சேர்ந்து பாடும். திரும்பவும் முதலிலிருந்து. அந்தக் கம்மிய குரல் இன்னும் காதில் இருக்கிறது.

மலைப்பக்கம்:
கீவ் டாக்டர், அந்த ஒரு ராத்திரியை வைத்து அவரை அளக்காதீர்கள். அவர் முதலில் இசைக்காரர். லிவிவ் நகரில் பியானோவும் இசைக்குழு நடத்துவதும் முறையாகப் படித்தவர். கார்பாத்திய மலை ஊரான யாரெம்சேயின் சந்தையில், அந்த மலைவாழ் ஹுத்சுல் மக்களில் ஒரு பெரியவர் திரெம்பித்தா ஊதியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மூன்று மீட்டர் நீள மரக்கொம்பு, மேலே பிர்ச் பட்டை சுற்றியிருக்கும். மலையைப் பார்த்து ஊதினார், எனக்குச் சிலிர்த்துவிட்டது. 2004இல் இஸ்தான்புல்லில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டி மேடையில் அவர் கொண்டுபோய் நிறுத்தியது இந்தக் கொம்பைத்தான். 280 புள்ளி எடுத்து வென்றது சும்மா இல்லை.

டெர்னோபில் பழைய மாணவி:
நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி, டிவியில் ருஸ்லானா வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மலைப்பக்கம் சொல்வதை ஏற்க முடியவில்லை. அவரிடம் பாட்டையும் போராட்டத்தையும் பிரிக்கவே முடியாது. யூரோவிஷன் வென்ற அதே 2004இல்தான், தேர்தல் மோசடியை எதிர்த்து நடந்த ஆரஞ்சுப் புரட்சியில் உண்ணாவிரதம் இருந்தார். 2006இல் எம்பியும் ஆனார்.

அப்புறம், புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு: ஆங்கில ‘வைல்ட் டான்சஸ்’ ஆல்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். 2003இல் வந்த உக்ரைனிய ‘திகி தான்சி’யை முதலில் கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. மலைக்காரர்கள் எதிர்மலைக்குக் கேட்கும்படி கூவுவார்களே, அந்தக் கூவல் அதில் அசலாக இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், தாளம் அடிபட்டுவிடும். நல்ல ஸ்பீக்கரில் சத்தமாக வையுங்கள். இஸ்தான்புல் வீடியோவை அதற்கு அப்புறம் பாருங்கள், அந்த ஆட்டத்தின் அடி எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.