குவின்ஸ் பழம்: ஊறுகாய், ஜெல்லி, மரம் (தென்னாப்பிரிக்க அனுபவப் பகிர்வு)

லெனேசியா வாசகி:
ஏப்ரல் பிறந்தால் குவின்ஸ் (பேரிக்கு உறவான, பச்சையாகக் கடித்தால் துவர்க்கிற மஞ்சள் பழம்) கடைக்கு வந்துவிடும், குளிர் இறுகுவதற்குள் போயும்விடும். வாசனைக்கு மயங்கி வாங்கிப் போய், கடித்துப் பார்த்து முகம் சுளித்து, கூடையிலேயே அழுகவிடுகிறவர்கள்தான் அதிகம். ஊறுகாயோ ஜெல்லியோ மரமோ, யாருக்கு எது கைவந்ததோ எழுதுங்கள். ‘உப்பு தேவைக்கேற்ப’ என்று மட்டும் எழுதாதீர்கள். கிராம் கணக்கு வேண்டும்.

சாட்ஸ்வொர்த் அடுப்படி:
வாங்குவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பச்சை போய் மஞ்சள் ஏறியிருக்க வேண்டும். தோல்மேல் இருக்கிற சாம்பல் நிறப் பஞ்சு, விரலால் தேய்த்தால் உதிர வேண்டும். அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை, பழுத்த பிறகும் கல் மாதிரிதான் இருக்கும். அதற்காகக் கூடையில் தொப்பென்று போடாதீர்கள். இடிபட்ட இடம் தோலுக்கடியில் பழுப்பாகி அங்கிருந்தே அழுகும்.

ஊறுகாய்க்கு மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருக்கிற பழம் எடுங்கள். கனமான கத்தியால் நான்காகப் பிளந்து, நடுக்கட்டையையும் அதைச் சுற்றி நறநறவென்று இருக்கிற சதையையும் தாராளமாகச் செதுக்கி எறியுங்கள். தோல் இருக்கட்டும். விரல் நீளத்துக்கு மெல்லிசாக நறுக்கியது 1 கிலோ என்றால் கல் உப்பு 60 கிராம். பிசறி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் நீரை வடித்துவிட்டுத் துணியில் பரப்பி அரை நாள் வெயில். துவர்ப்பில் பெரும்பகுதி அந்த உப்புநீரோடு போய்விடும். வானம் மூடியிருந்தால் ஓவனை 60 டிகிரியில் வைத்து, கதவை ஒரு விரல் திறந்துவிட்டு 2 மணி நேரம்.

எண்ணெய் 300 மி.லி. காய்ந்ததும் கடுகு 2 டீஸ்பூன், வெந்தயம் 1 டீஸ்பூன், பூண்டு 15 பல், கறிவேப்பிலை. அடுப்பை அணைத்து, எண்ணெய் வெதுவெதுப்புக்கு வந்த பிறகு மிளகாய்த்தூள் 40 கிராம், மஞ்சள்தூள் 1 டீஸ்பூன். சூடாக இருக்கும்போதே போட்டால் தூள் கருகிக் கசக்கும். முழுக்க ஆறியதும் வினிகர் 100 மி.லி. சேர்த்துத் துண்டுகளைப் பிரட்டுங்கள். பாட்டிலில் அடைத்து, எண்ணெய் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். 10 நாளில் பதமாகும்.

கெட்டுப்போவது இரண்டு வழியில். காயவைப்பதில் அவசரப்பட்டால் பூசணம். சூடான எண்ணெயைத் துண்டுகள்மேல் ஊற்றினால் பழம் பாதி வெந்து கொழகொழத்துவிடும், கடித்தால் நொறுங்காது. ‘மதர் இன் லா’ என்கிற காரமான கடை மசாலாத்தூளைப் போடுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம். பழத்தின் வாசனையை மசாலா தின்றுவிடும்.

கேப் டவுன் தம்பி:
அக்கா, 10 நாள் பொறுக்காதவர்களுக்கு இங்கே கேப் மலாய் (கேப் டவுன் முஸ்லிம் சமூகம்) வீடுகளில் போடுகிற சம்பல் இருக்கிறது. இரண்டு பழத்தைத் துருவி, உப்பு 1 டீஸ்பூன் போட்டு அரை மணி நேரம் கழித்து இறுக்கிப் பிழியுங்கள். பச்சை மிளகாய் 2, பூண்டு 2 பல் நசுக்கி, சர்க்கரை 2 டீஸ்பூன், வினிகர் 1 டேபிள்ஸ்பூன். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாள் கறுத்துவிடும். பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்தால் தயிர்ப் பச்சடியை யாரும் தேட மாட்டார்கள்.

மாரிட்ஸ்பர்க் ஜாம்காரர்:
ஜெல்லிக்கு: பஞ்சைத் துடைத்துக் கழுவிய பழம் 1 கிலோ, தோலும் நடுக்கட்டையும் சேர்த்தே துண்டாக்குங்கள். கெட்டிப்படுத்தும் பெக்டின் அங்கேதான் அதிகம். தண்ணீர் 1.5 லிட்டர், சின்னத் தீயில் 1 மணி நேரம், மசியும்வரை. மஸ்லின் துணியில் கட்டி ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். மூட்டையைப் பிழிந்தால் சாறு கலங்கிவிடும், தானாகச் சொட்டட்டும். 500 மி.லி. சாறுக்குச் சர்க்கரை 400 கிராம், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன். பழம் மசிவதற்கு முன்னால் சர்க்கரை போட்டால் துண்டுகள் விறைத்துக்கொண்டு அப்புறம் வேகவே வேகாது.

செங்கல் சிவப்பு நிறம் வரவில்லை என்று பலர் சொல்கிறார்கள். அது சாயத்தாலோ பழ ரகத்தாலோ மட்டும் வருவதில்லை. பழத்தில் இருக்கிற நிறமற்ற துவர்ப்புப் பொருள், புளிப்போடு சேர்ந்து நீண்ட நேரம் வேகும்போது சிவப்பு நிறமியாக மாறுகிறது. பெரிய தீயில் 20 நிமிடத்தில் இறக்கினால் தேன் நிறத்தோடு நின்றுவிடும். மசித்த சதையில் அல்வாப் பதத்துக்குக் கிண்டுகிறவர்கள் (சதைக்குச் சமஎடை சர்க்கரை) ஒன்றரை முதல் 2 மணி நேரம் சின்னத் தீயில் வைத்தால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கண்ணெதிரே மாறும். அது கொதித்துத் தெறிக்கும், நீளக் காம்புக் கரண்டி எடுங்கள். இரும்புச் சட்டி ஆகாது, துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுத்துவிடும்.

லெனேசியா வாசகி:
அண்ணே, இங்கே தெர்மாமீட்டர் 105 டிகிரி காட்டும்வரை காய்ச்சினால் ஜெல்லி மிட்டாயாகிறது. ஏன்?

மாரிட்ஸ்பர்க் ஜாம்காரர்:
நீங்கள் இருக்கிற உயரம்தான் காரணம். ஜெல்லிப் பதம் என்பது தண்ணீர் கொதிக்கிற வெப்பத்துக்கு மேல் 4 அல்லது 5 டிகிரி. கடல்மட்டத்தில் தண்ணீர் 100-ல் கொதிப்பதால்தான் புத்தகங்களில் 104, 105 என்று போடுகிறார்கள். உங்கள் லெனேசியா இருக்கிற ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், தண்ணீர் 94-லேயே கொதித்துவிடும். உங்களுக்குப் பதம் 98, 99. முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதிலிருந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளும்போது சுருங்கினால் இறக்கிவிடலாம்.

எஸ்ட்கோர்ட் தோட்டம்:
மரத்துக்கு வருகிறேன். டர்பன் கடலோரத்தில் வைத்துவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்தாதீர்கள். இலை உதிர்ந்து உறங்கக் குளிர் வேண்டும், அங்கே அது போதாது. கோடை ஈரத்தில் இலைப்புள்ளி நோய் வேறு இலையைக் கொட்டவைக்கும். உள்நாட்டு மேட்டில் பிரச்சினையில்லை. பேரி, ஆப்பிளுக்குப் பிறகுதான் பூக்கும், அதனால் வசந்தகாலப் பனியில் பெரும்பாலும் தப்பிவிடும். தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஒரு மரம் போதும்.

ஜூன், ஜூலையில் (இங்கே குளிர்காலம்) பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை 25 செ.மீ. வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். மரத்துக்கு 4 மீட்டர் இடைவெளி, வேலிக்கு 1 மீட்டர். ஈஸ்டர்ன் கேப் மாகாணம், கரூ வறண்ட சமவெளி பக்கம் பழைய பண்ணைகளில் வேலியே குவின்ஸ்தான். (ஆஃப்ரிக்கானர், அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர், வீட்டுப் பெரியவர்களிடம் குவின்ஸ் என்று சொன்னால் பழத்துக்கு முன்னால் பிரம்படி நினைவுக்கு வரும், அந்தக் காலத்துப் பிரம்பு இந்தக் குச்சிதான்.) வேலியை ஒரே மட்டமாகக் கத்தரித்தால் காய் குறையும். போன வருஷக் கிளையின் நுனிப்பக்க மொட்டுகளிலிருந்து கிளம்பும் புதுத் துளிரின் உச்சியில்தான் பூ வருகிறது. நுனியை வெட்டினால் பூவையும் வெட்டியதாகும். உள்ளே நெருக்கும் கிளைகளை மட்டும் அடியோடு எடுங்கள்.

பேரி மரத்தடியில் திடீரென்று குவின்ஸ் முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பேரியைக் குட்டையாக வைக்கக் குவின்ஸ் வேரில் ஒட்டுக் கட்டுவது வழக்கம். இலை விளிம்பில் பல் இல்லாமல் அடிப்பக்கம் பஞ்சாக இருந்தால் அது குவின்ஸ், உடனே கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் மேலே இருக்கிற பேரி இளைத்துவிடும்.

லேடிஸ்மித் அத்தை:
விதையைப் பற்றி ஒன்று. முழு விதை 1 டீஸ்பூனை ஒரு கோப்பைத் தண்ணீரில் ஊறவைத்தால் கொழகொழவென்று பசை வரும். தொண்டைக் கரகரப்புக்கு வடிகட்டிக் குடிப்பது பழைய வழக்கம். விதையை இடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைந்தால் சயனைடு வெளிப்படுத்தும் பொருள் அதில் இருக்கிறது. இன்னொன்று, எஸ்ட்கோர்ட் தம்பி: பழ ஈக்கு என்ன செய்கிறீர்கள்?

எஸ்ட்கோர்ட் தோட்டம்:
காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பை கட்டுகிறோம், அத்தை. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டால் உள்ளேயே புழு செத்துவிடும். உரக்குழியில் போட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கிருந்தே கிளம்பும்.

லேடிஸ்மித் அத்தை:
ஒரு பக்கம் மட்டும் புழு விழுந்த பழம்?

சாட்ஸ்வொர்த் அடுப்படி:
கெட்ட பக்கத்தை இரண்டு விரற்கடை சேர்த்தே வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஜெல்லிக்குப் போடலாம், அத்தை. ஊறுகாய்க்கு வேண்டாம், வேகவைக்காத பண்டம்.