மேமியோ ஏற்றமும் பழைய வண்டியும்: டிசம்பர் கதைகள்

சிரியம் மாப்பிள்ளை:

டிசம்பர் பிறந்தாலே ரங்கூன்காரர்களுக்கு மண்டலேக்கு மேலே இருக்கும் குளிர் ஊரான மேமியோ (பியின் ஊ ல்வின்) ஞாபகம் வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பெரிய லீவு என்னவோ மார்ச்சில்தான், ஆனாலும் கிறிஸ்துமஸ், கரேன் புத்தாண்டு, ஜனவரி 4 சுதந்திர தினம் என்று அடுத்தடுத்து விடுமுறை விழும், அங்கே கந்தோஜி தோட்டத்தில் பூக்காட்சி நடக்கும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டி அழகு பார்க்க அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. இன்றைய சாலை நிலவரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை இங்கே கிளற வேண்டாம். பழைய வண்டியை விட்டால் வேறு கதி இல்லாத அந்தக் காலத்தில் அதை மலையேற்றிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். 2011-க்கு அப்புறம் வந்த ஜப்பான் வண்டியில் ஏசி போட்டுக்கொண்டு போனவர்கள் கொஞ்சம் பொறுத்து வரலாம்.

நானே ஆரம்பிக்கிறேன். என் மாமனாரிடம் ஒரு வில்லிஸ் ஜீப் இருந்தது, சண்டைக் காலத்து வண்டி, 6 வோல்ட் பேட்டரி. பெட்ரோல் ரேஷன் புத்தகத்துக்கு ஒரு நாளைக்கு 2 காலன் என்று அளந்து கொடுத்த காலம் அது, அதனால் நவம்பரிலேயே மிச்சம் பிடிக்க ஆரம்பித்துவிடுவார், டின் டின்னாகக் கொல்லையில் அடுக்கி வைத்திருப்பார், மாமியார் அந்தப் பக்கம் விளக்கு கூடக் கொண்டு போக மாட்டார். பெகு, டவுங்கூ, பியின்மனா, மெய்த்திலா வழியாகப் பழைய ரோட்டில் மண்டலே போய், அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் இருட்டோடு கிளம்புவோம்.

மண்டலேயிலிருந்து மேமியோ 42 மைல்தான். 21 மைல் வளைவுகளை எல்லாம் ஜீப் முனகிக்கொண்டே ஏறிவிட்டது, ஒரு தொந்தரவும் இல்லை. ஏற்றம் முடிந்து அனிசக்கான் பக்கம் வந்து, ரோடு சமமாகி, இனி நிம்மதி என்று பெருமூச்சு விடும்போதுதான் எஞ்சின் இருமத் தொடங்கியது. நல்ல பனிமூட்டம். நாலு தடவை குலுங்கிவிட்டு நின்றே போனது. பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, தொட்டால் விரல் விறைக்கிறது. மாமனார் எதையும் கழற்றவில்லை. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு சுருட்டைப் பற்ற வைத்தார். வழியில் இருந்த நாட் (பர்மியக் காவல் தெய்வம்) கோயிலுக்கு ஹார்ன் அடிக்காமல் வந்ததுதான் காரணம் என்று மாமியார் ஒரே பிடியாகச் சொன்னார். சுருட்டு பாதி கரைந்ததும் மாமனார் உட்கார்ந்து மிதித்தார், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிட்டது. கொஞ்ச தூரம் போய் மறுபடி அதே கதை. ஊருக்குள் போய் மெக்கானிக்கிடம் காட்டினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார். இது என்ன வியாதி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டலே பட்டறைக்காரன்:

தம்பி, உங்கள் மாமனார் விவரமான ஆள். சுருட்டுதான் அதற்கு மருந்து.

அது ஐஸ். பெட்ரோல் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கிற சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கார்பரேட்டருக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடப் பல டிகிரி இறங்கிவிடும். வெளியே 8, 10 டிகிரி இருந்தாலே உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மேமியோவில் பனிமூட்டம் வேறு, காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, அந்த ஈரம் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தட்டைச் சுற்றி உறைந்து வழியை அடைத்துவிடும். ஏற்றத்தில் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். ஏறும்போது காலை முழுசாக அமுக்கியிருப்பீர்கள், தட்டு அகலத் திறந்திருக்கும், எஞ்சினும் நல்ல சூட்டில் இருக்கும். சமதளம் வந்து காலைத் தளர்த்தினால் தட்டு லேசாக மட்டும் திறந்திருக்கும், அந்தச் சின்ன இடுக்கில் கொஞ்சம் ஐஸ் பிடித்தாலே போதும். வண்டி நின்றதும் அடியிலிருந்து எஞ்சின் சூடு மேலே ஏறி எல்லாம் உருகித் தண்ணீராய் ஓடிவிடும், அப்புறம் எந்த மெக்கானிக் திறந்து பார்த்தாலும் தடயம் கிடைக்காது. நாட் சாமி மேல் பழி விழுவது இதனால்தான், பாவம்.

இதைத் தடுக்கத்தான் அந்த எஞ்சினில் சைலன்சர் சூட்டைக் கார்பரேட்டருக்கு அடியில் திருப்பிவிடும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அது வேலை செய்கிற ஜீப்பை நான் பார்த்ததே அபூர்வம். ஏப்ரல் வெயிலில் பெட்ரோல் கொதிக்கிறதே என்று யாராவது அதை ஒரே பக்கமாக வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். சமவெளிக்கு அது சரிதான், மலைக்குப் போனால் இப்படி. நாங்கள் பழைய எண்ணெய் டின்னை வெட்டி சைலன்சர் குழாயைச் சுற்றி ஒரு கூடு மாதிரி கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை ஏர் ஃபில்டர் வாயில் கொண்டு வந்து வைப்போம், சூடான காற்று போகும். வெயில் ஏறியதும் கழற்றிவிட வேண்டும், மறந்துவிடக் கூடாது. மறந்தால் மத்தியானம் இறங்கும்போது நேர் எதிரான வியாதி: பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி பம்ப் காற்றைத்தான் இறைக்கும், அதற்கு ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேமியோ சுமார் 3,500 அடி, அதிகாலையில் ஐஸ், மத்தியானம் ஆவி, ஒரே வண்டி, ஒரே நாள். குளிர் என்று மட்டும் நினைத்துத் தயாராகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லாரி அண்ணன்:

நான் ஷான் மலை ஏறும் தாஸி - கலோ - டவுங்ஜி ரோட்டில் ஹினோ லாரி ஓட்டியவன். ரங்கூன் எக்ஸ்பிரஸ்வே 2010 கடைசியில் மண்டலே வரை வந்துவிட்டது என்று எல்லாரும் கொண்டாடினார்கள், சரக்கு லாரியை அதில் ஏற விடவில்லை, எங்களுக்குக் கடைசி வரைக்கும் பழைய ரோடுதான். மேலே போகும்போது உப்பு, எண்ணெய், சிமெண்ட், கீழே வரும்போது கோஸ், உருளைக்கிழங்கு, பூ. கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் லோடு கூடும், அதனால் விடுமுறை என்றால் எங்களுக்கு ராத்திரி வண்டி என்று அர்த்தம்.

டீசல் வண்டிக்கு ஐஸ் தொந்தரவு கிடையாது, ஆனால் காலையில் கிளப்புவது ஒரு பூஜை. டேஷ்போர்டில் ஒரு சின்ன ஓட்டைக்குள் கம்பிச்சுருள் இருக்கும், ஹீட்டரை இழுத்துப் பிடித்தால் அது மெல்லச் சிவக்கும், ரங்கூனில் லேசாகச் சிவந்தாலே போதும், கலோவில் நல்ல ஆரஞ்சு நிறம் வரும்வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் அடிக்க வேண்டும். புது ஸ்பேர் பையன்களுக்கு, அதாவது கிளீனர்களுக்கு, பொறுமை இருக்காது, சிவக்கும் முன்பே அடித்து அடித்து பேட்டரியைக் காலி செய்துவிட்டு, அப்புறம் லோடோடு நிற்கிற வண்டியைத் தள்ள ஆள் தேடுவான்கள்.

உண்மையான பயம் இறக்கத்தில்தான். கேபின் கூரையில் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஒவ்வொரு சக்கரத்து பிரேக் டிரம்முக்கும் குழாய், வால்வு டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில், நம் நாட்டு மலை லாரிகளில் இது சகஜம். இதை ஒழுங்காகத் திறக்கத் தெரிந்தவன்தான் டிரைவர். இறக்கம் தொடங்கும் இடத்திலேயே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். புகை வந்த பிறகு பதறிப்போய்த் திறந்தால், கொதிக்கிற இரும்பில் ஜில்லென்ற தண்ணீர் பட்டு டிரம் வெடித்துவிடும், டிசம்பர் ராத்திரியில் தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கை வைத்தவனுக்குத் தெரியும். சமதளம் வந்ததும் மூடாமல் விட்டால் பிரேக் லைனிங் நனைந்து, அடுத்த வளைவில் முதல் மிதிக்கு பிரேக்கே பிடிக்காது. கியரை நம்பி இறங்கு, பிரேக்கை மிச்சம் வை, தண்ணீர் மூன்றாவதுதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஷான் கிழவர், பல்லெல்லாம் வெற்றிலைச் சிவப்பு.

பனிமூட்டத்தில் இன்னொரு வம்பு. 1970 டிசம்பர் 6 அன்று நாடு முழுக்க வண்டிகளை வலது பக்கம் ஓடச் சொல்லிவிட்டார்கள், ஸ்டியரிங் மட்டும் பழையபடி வலது பக்கமே இருந்தது. முன்னால் போகிற வண்டியைத் தாண்ட வேண்டும் என்றால் எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியவே தெரியாது, இடது ஜன்னலில் தொங்குகிற ஸ்பேர் பையன்தான் கண். அவன் 'போ' என்றால் போவேன், அவன் தூங்கிவிட்டால் தாண்டவே மாட்டேன், எத்தனை மைல் ஆனாலும் முன்னால் போகிற மாட்டு வண்டி பின்னாடியே போவேன்.

தட்டோன் அக்கா:

இதெல்லாம் படிக்கச் சிரிப்பாக வருகிறது. எங்கள் அப்பா கொஞ்ச காலம் கலோவில் மூக்கில்லாத ஷெவர்லே ஓட்டினார், கனடாவில் செய்து சண்டைக்கு வந்த வண்டி, பின்னால் முழுக்க நம் ஊரில் மரத்தில் கட்டிய பாடி. அதில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் அந்த சீட் நரகம், குளிரில் அதற்காக எங்களுக்குள் அடிதடி. கலோ குளிரில் இட்லி மாவு பொங்கவே பொங்காது, அதனால் அம்மா மாவுச் சட்டியைத் துணியில் சுற்றி, சாயந்திரம் அப்பா வண்டியை நிறுத்தியதும் அந்தப் பெட்டி மேல் கொண்டு போய் வைத்துவிடுவார், ராத்திரி போய்ப் பார்த்தால் மாவு நன்றாக எழுந்திருக்கும். ஒரு பொங்கல் அன்று யாரோ மூடியைச் சரியாக வைக்காமல், மாவு வழிந்து பிளக் ஒயர் வரைக்கும் போய், காலையில் வண்டி மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டே கோயிலுக்குப் போனது. வாசனை மட்டும் தை மாதம் முழுக்கப் போகவில்லை.

கலே வாசி:

அக்கா கதைக்குப் பிறகு எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் ஹாக்கா பக்கம் யாரும் எழுதவில்லையே. சின் மலைக்காரர்களுக்கு கிறிஸ்துமஸ்தான் பெரிய பண்டிகை, வெளியூரில் வேலை பார்க்கிற எல்லாரும் மலையடிவாரத்துக் கலேக்கு வந்து இறங்கி அங்கிருந்து பழைய ஜீப்பிலும் லாரியிலும் ஃபலாம், ஹாக்கா ஏறுவார்கள். ஹாக்கா 6,000 அடிக்கு மேல், மேமியோ மாதிரி ஸ்வெட்டர் குளிர் இல்லை, ராத்திரி வாளித் தண்ணீர் மேலே ஐஸ் ஏடு கட்டிவிடும். தண்ணீர் உறையாமல் இருக்க ரேடியேட்டருக்கு ஊற்றும் மருந்து எல்லாம் கிடைக்காது. வண்டியை நிறுத்தியதும் சூடு இருக்கும்போதே ரேடியேட்டர் குழாய், எஞ்சின் பக்கத்துக் குழாய் இரண்டையும் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும், ரேடியேட்டரை மட்டும் வடித்து எஞ்சினை மறந்தவர்கள் வண்டி காலையில் பிளாக் விரிசலோடு நிற்கும். வடித்ததும் ஒரு அட்டையில் தண்ணீர் இல்லை என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டுவோம், வேறு யாராவது அவசரத்தில் கிளப்பிவிடாமல் இருக்க. காலையில் வீட்டுக்காரர்கள் வெந்நீர் தருவார்கள், அதை நிதானமாக ஊற்றினால் எஞ்சினும் பதமாகச் சூடாகும். சிலர் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கரி அடுப்பு வைப்பார்கள், பெட்ரோல் எங்கேயாவது ஒழுகினால் வண்டியே போய்விடும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சிரியம் மாப்பிள்ளை:

மண்டலே அண்ணே, ஐஸ் விஷயத்தை மாமியாரிடம் சொன்னேன். அப்படியென்றால் ஹார்ன் அடித்த வருஷம் மட்டும் ஏன் நிற்கவில்லை என்கிறார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஜீப் இன்னும் இருக்கிறது. 2011-இல் 40 வருஷம் தாண்டிய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டிக்குப் பெர்மிட் என்று அறிவித்தபோது தெருவே வரிசையில் நின்றது, இவர் மட்டும் அசையவில்லை. குளிர் காலத்தில் ஸ்டார்ட்டர் மட்டும் ரொம்பச் சோம்பலாகச் சுற்றுகிறது. 12 வோல்ட்டாக மாற்றிவிடச் சொல்லி மச்சான் நச்சரிக்கிறான், மாற்றலாமா?

மண்டலே பட்டறைக்காரன்:

அவசரப்படாதீர்கள். மாற்றினால் பல்பு, காயில், கேஜ் எல்லாம் மாற்ற வேண்டும். முதலில் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளைப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருப்பார்கள். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், மெல்லிய கேபிளில் பாதி சக்தி சூடாகவே போய்விடும். இரண்டு முறை ஸ்டார்ட் அடித்துவிட்டுக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அதுதான் திருடன். கட்டை விரல் மொத்தத்தில் செம்புக் கேபிள் போடுங்கள், சேஸிஸில் எர்த் பிடிக்கும் இடத்தைப் பெயிண்ட் போகச் சுரண்டி இறுக்குங்கள், எஞ்சின் ஆயிலை 50-லிருந்து குளிரில் இளகலாக இருக்கும் 20டபிள்யூ-50-க்கு மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம். மாமியாருக்காக ஹார்னும் அடித்துவிடுங்கள், பேட்டரிக்கு அது ஒரு செலவே இல்லை.