வரி சரி, விடை தவறு: கல்லூரிப் பயிற்சிக் கணக்குகளில் சறுக்கும் இடங்கள்

தொகையீட்டுப்பித்தன்

வரிக்கு வரி ஒழுங்காகப் போட்டும் தவறான விடையில் போய் முடியும் கணக்குகளை இங்கே சேர்ப்போம். எண்களோடு எழுதுங்கள். எந்த வரியில் சறுக்குகிறது, ஏன் சறுக்குகிறது என்பதும் வேண்டும்.

முதல் கணக்கு: 1/எக்ஸ்² என்ற சார்பை −1 முதல் 1 வரை தொகையிடுக. எதிர்வகையீடு −1/எக்ஸ். எல்லைகளைப் போட்டால் −1 − 1 = −2. பெரும்பாலான விடைத்தாள்களில் இதற்குக் கீழே இரட்டைக் கோடும் இருக்கும். ஆனால் சார்பு எங்கும் மிகை எண். பரப்பு குறை எண்ணாக வரவே முடியாது. அடிப்படைத் தேற்றத்தை இப்படிப் போட, இடைவெளி முழுவதும் சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இங்கே 0-வில் அது வரம்பில்லாமல் ஏறுகிறது. இடைவெளியை 0-வில் வெட்டி, 0.001 முதல் 1 வரை மட்டும் தொகையிட்டால் 999 வருகிறது. கீழ் எல்லையை 0-வை நோக்கி நகர்த்த நகர்த்த அது ஏறிக்கொண்டே போகும். தொகை விரிகிறது, மதிப்பு கிடையாது.

குறி பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதன் தம்பி: 1/எக்ஸ், அதே எல்லைகள். விடை 0 என்று வரும், குறியும் உறுத்தாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுபோல் தெரிவது கோஷி முதன்மை மதிப்பு, அதாவது 0-வுக்கு இருபுறமும் ஒரே தூரத்தில் வெட்டி எடுக்கும் எல்லை. முறையற்ற தொகையீடாக இதுவும் விரியும். அதற்காகப் பகுதியில் 0 வந்தாலே விரியும் என்று எழுதிவிடவும் கூடாது. 1/√|எக்ஸ்| அதே இடைவெளியில் ஒழுங்காக 4-க்கு ஒருங்குகிறது. எல்லைகளைப் போடும் முன் பகுதி எங்கே 0 ஆகிறது என்று பாருங்கள். இருந்தால் வெட்டுங்கள், ஒவ்வொரு துண்டையும் தனியாக எல்லை எடுங்கள்.

நிரைநிரல்

ஐகன் மதிப்புக் கணக்கிலும் இதே கூத்து உண்டு. அணியால் பெருக்கும்போது ஒரு வெக்டர் தன் மடங்காகவே வந்தால் அது ஐகன் வெக்டர், அந்த மடங்கு ஐகன் மதிப்பு. அணியின் முதல் நிரை 2, 1. இரண்டாம் நிரை 1, 2. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் பாதியைக் கழித்தால் 0, 1.5. முக்கோண அணி கிடைத்துவிட்டது, மூலைவிட்டத்தில் இருப்பவை ஐகன் மதிப்புகள், ஆக 2, 1.5 என்று முடித்துவிடுகிறார்கள். உண்மையான விடை 1, 3.

இதில் வேடிக்கை என்னவென்றால், அணிக்கோவையை வைத்துச் சரிபார்த்தால் மாட்டாது. 2 × 1.5 = 3, 1 × 3 = 3. ஒரு நிரையின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழிப்பது அணிக்கோவையை மாற்றாது என்பதால் அந்தச் சோதனை எப்போதும் தேறிவிடும். மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதலைப் பாருங்கள்: மூல அணியில் 4, இவர்கள் விடையில் 3.5. அங்கே பிடிபடும். தவறவே முடியாத சோதனையைச் சோதனை என்று சொல்வதில் பொருளில்லை.

காரணம்: நிரை உருமாற்றம் என்பது இடப்பக்கமிருந்து ஓர் அணியால் பெருக்குவது. வலப்பக்கம் அதன் நேர்மாறாலும் பெருக்கினால்தான் ஐகன் மதிப்புகள் மாறாமல் இருக்கும். அப்படியானால் நிரை உருமாற்றம் எங்கே செல்லும்? ஐகன் மதிப்பு கிடைத்தபின், அதை மூலைவிட்டத்தில் கழித்துவிட்டு ஐகன் வெக்டரைத் தேடும் கட்டத்தில் தாராளமாகச் செய்யலாம். வெக்டர் கிடைத்ததும் மூல அணியால் பெருக்கிப் பாருங்கள்: (1, 1) என்பது (3, 3) ஆகிறது, (1, −1) அப்படியே நிற்கிறது. பத்து நொடி வேலை.

எல்லைக்கோடு

லோபிதாள் விதிக்கு (0/0 அல்லது முடிவிலி/முடிவிலி வடிவில் மேலும் கீழும் தனித்தனியே வகையிட்டு எல்லை காண்பது) ஒன்று, சுருக்கமாக. எக்ஸ் முடிவிலியை நோக்கும்போது (எக்ஸ் + சைன் எக்ஸ்)/எக்ஸ். மேலும் கீழும் வகையிட்டால் 1 + காஸ் எக்ஸ், அது ஊசலாடும், ஆகவே எல்லை இல்லை என்று எழுதுவார்கள். எல்லை 1. வகையிட்ட விகிதத்துக்கு எல்லை இருந்தால்தான் விதி பேசும். இல்லாவிட்டால் மூலக் கணக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மோல்கணக்கு

வேதியியலில் இதற்கு நேர் இணை: 10⁻⁸ மோல்/லிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பிஹெச் என்ன (25 டிகிரி செல்சியஸில்)? "8" என்பார்கள். அமிலத்தை நீரில் ஊற்றினால் கரைசல் காரமாகிவிடுமா?

நீரே 10⁻⁷ அளவுக்கு ஹைட்ரஜன் அயனி தருகிறது. அமிலம் தருவது அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டையும் அப்படியே கூட்டி 1.1 × 10⁻⁷ என்று போடுவது அடுத்த தவறு, ஏனென்றால் அமிலம் சேர்ந்ததும் நீரின் அயனியாதல் கொஞ்சம் பின்வாங்கும். மின்சுமைச் சமநிலையை எழுதுங்கள்: ஹைட்ரஜன் அயனிச் செறிவு = 10⁻⁸ + 10⁻¹⁴/ஹைட்ரஜன் அயனிச் செறிவு. இருபடிச் சமன்பாடாக்கித் தீர்த்தால் 1.05 × 10⁻⁷, பிஹெச் 6.98.

வலுக்குறைந்த அமிலத்தில் சறுக்குவது வேறிடம். அசிட்டிக் அமிலத்துக்குப் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵. செறிவு 0.1 என்றால் பகுதியில் வரும் கழித்தலை விட்டுவிட்டு வர்க்கமூலம் எடுக்கலாம்: 1.34 × 10⁻³, பிரிகை 1.3 விழுக்காடு, பிஹெச் 2.87. செறிவு 0.001 என்றால் அதே குறுக்குவழி 1.34 × 10⁻⁴ தரும், அதாவது 13 விழுக்காடு. 5 விழுக்காட்டைத் தாண்டினால் தோராயத்தைக் கைவிட வேண்டும். இருபடியில் தீர்த்தால் 1.25 × 10⁻⁴, பிஹெச் 3.90. குறுக்குவழியைப் போட்டுவிட்டு, கிடைத்த விடையைக் கொண்டே அதைச் சோதிப்பதுதான் சரியான வரிசை.

உருளும்பந்து

இயற்பியலில் உராய்வுதான் தலைவர். 5 கிலோகிராம் பெட்டி, நிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3, புவியீர்ப்பு முடுக்கம் 10. கிடையாக 12 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு எவ்வளவு? 0.4 × 50 = 20 என்று எழுதினால், நிகர விசை எதிர்த்திசையில் 8 நியூட்டன்; பெட்டி தள்ளுகிறவரை நோக்கியே கிளம்பிவிடும்! 20 என்பது உச்சவரம்பு. அதற்குள் இருக்கும்வரை உராய்வு தள்ளும் விசைக்குச் சமம், இங்கே 12. அதே பெட்டியை 25 நியூட்டனால் தள்ளினால் நகரும். அப்போது உராய்வு 15, முடுக்கம் 2 மீ/வி².

சாய்தளத்தில் வழுக்காமல் உருளும் திண்மக் கோளத்துக்கும் இதே நியாயம். 1 கிலோகிராம், சாய்வு 30 டிகிரி, குணகம் 0.3 என்று கொடுத்திருந்தால் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கி 2.6 நியூட்டன் என்று போடாதீர்கள். நேர்கோட்டு இயக்கத்துக்கு ஒரு சமன்பாடு, சுழற்சிக்கு ஒரு சமன்பாடு, வழுக்காமை நிபந்தனை ஒன்று. மூன்றையும் சேர்த்துத் தீர்த்தால் உராய்வு எடையின் சாய்வுக்கூறில் 2/7 பங்கு, அதாவது 1.43 நியூட்டன். குணகம் எதற்குக் கொடுத்தார்கள்? 1.43 என்பது 2.6-க்குள் அடங்குகிறதா என்று பார்க்கத்தான். அடங்காவிட்டால் கோளம் வழுக்கும், கணக்கை வேறுவிதமாகத் தொடங்க வேண்டும்.

மோல்கணக்கு

வெப்ப இயக்கவியலில் ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு மோல் இலட்சிய வாயு, வெப்பம் புகாத கலனில், வெற்றிடத்துக்குள் இரு மடங்காக விரிகிறது. வெப்பம் 0, ஆகவே என்ட்ரோபி மாற்றமும் 0 என்பது வழக்கமான விடை. என்ட்ரோபி மாற்றம் = வெப்பம்/வெப்பநிலை என்ற சூத்திரத்தில் வர வேண்டியது மீள்முறையில் பரிமாறப்படும் வெப்பம். தொடக்கமும் முடிவும் அதே நிலைகளாக, மாறா வெப்பநிலையில் மெதுவாக விரியும் பாதையைக் கற்பனை செய்து கணக்கிடுங்கள்: 8.314 × 0.693 = 5.76 ஜூல்/கெல்வின்.

நிரைநிரல்

இவை எல்லாம் அத்தியாயவாரியான பயிற்சித்தொகுப்பில் சரியாக வந்துவிடும், கலந்து கேட்டால்தான் உடையும். "உராய்வு" என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும் கணக்கில் எந்தச் சூத்திரம் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறதே. நான்கைந்து அத்தியாயங்களிலிருந்து எடுத்து, வரிசை குலைத்து, தலைப்பை மறைத்துப் போடுங்கள். விடை தவறினால் எந்த வரி, என்ன நிபந்தனை விட்டுப்போனது என்று பக்கத்தில் ஒரு சொல் குறித்தால் போதும்.

பகடை

நிகழ்தகவில் பின்னங்களோடு மல்லுக்கட்டாமல் தலைகளை எண்ணுங்கள். நோய் 1 விழுக்காட்டினருக்கு. சோதனை நோயாளிகளில் 99 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் 5 விழுக்காட்டினருக்குத் தவறாக "உண்டு" என்கிறது. "உண்டு" என்று வந்தவருக்கு நோய் இருக்கும் நிகழ்தகவு? 10,000 பேரில் நோயாளிகள் 100, அவர்களில் 99 பேருக்கு "உண்டு". மீதி 9,900 பேரில் 495 பேருக்கும் "உண்டு". 99/594 = 1/6. 0.99 என்று எழுதுபவர்கள் கேள்வியைத் திருப்பிப் படித்துவிடுகிறார்கள்.

மரபுச்சங்கிலி

மரபியலிலும் அதே எண்ணும் முறை செல்லும். ஒடுங்கு மரபணு நோய், அதாவது பழுதான பிரதி இரண்டு இருந்தால்தான் வரும். பெற்றோர் இருவரும் கடத்திகள்: பழுதான பிரதி ஒன்று மட்டும் உண்டு, நோய் இல்லை. நோயில்லாத ஒரு பிள்ளை கடத்தியாக இருக்கும் நிகழ்தகவு? 1/2 அல்ல, 2/3. நான்கு சம வாய்ப்புகளில் நோயுள்ள ஒன்று, "நோயில்லாத" என்ற சொல்லால் ஏற்கெனவே அடிபட்டுவிட்டது. மிஞ்சிய மூன்றில் இரண்டு கடத்தி.

பகடை

இதை ஹார்டி–வெயின்பெர்க் சமநிலையோடு (ஒடுங்கு அல்லீலின் அலைவெண் q என்றால் நோயாளிகள் q², கடத்திகள் 2(1 − q)q) சேர்த்துக் கேட்டால் நல்ல தேர்வுக் கேள்வியாகும். அந்தப் பிள்ளை வளர்ந்து, நோயில்லாத, உறவில்லாத ஒருவரை மணக்கிறார். மக்கள்தொகையில் நோய் 10,000-க்கு 1. குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு?

மரபுச்சங்கிலி

ஒடுங்கு அல்லீலின் (மரபணுவின் பழுதான வடிவத்தின்) அலைவெண் 1/10,000-இன் வர்க்கமூலம், 0.01. கடத்திகள் 2 × 0.99 × 0.01 = 0.0198, ஏறக்குறைய 50-க்கு 1. அந்த 2-ஐ விட்டுவிட்டு 100-க்கு 1 என்று போடுபவர்கள் பாதிப் பேர். பிறகு 2/3 × 1/50 × 1/4 = 1/300. விடை 1/400 வந்திருந்தால் 2/3-க்குப் பதில் 1/2 புகுந்திருக்கிறது; 1/600 என்றால் அந்த 2 காணாமல் போயிருக்கிறது.